பிலிம் ரோல் மீண்டும் விற்கிறது; அதைத் தயாரிக்கும் ஆலைகள் எத்தனை?

இருட்டறை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம்.

பிலிமின் மறுவருகையைப் பற்றி இங்கே எழுதப்படும் பதிவுகள் பெரும்பாலும் அதன் நிறம், கிரெய்ன் எனப்படும் மணித்துகள் தோற்றம், படம் கழுவி வரும்வரை காத்திருக்கும் இன்பம் ஆகியவற்றோடு நின்றுவிடுகின்றன. அவை எல்லாம் உண்மையே. நானும் அவற்றுக்காகவே பிலிமை விடாமல் வைத்திருக்கிறேன். ஆனால் டிஜிட்டல் கேமராவை ஒருமுறை வாங்கிவிட்டால் போதும்; பிலிம் கேமரா ஒவ்வொரு ரோலுக்கும் எங்கோ ஓர் ஆலை ஓடிக்கொண்டிருப்பதை நம்பி நிற்கிறது. அந்த ஆலைகளின் நிலையை அறியாமல் நாம் கொண்டாடிக்கொண்டிருக்கிறோமே என்ற கவலையினால் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஒரு வண்ண நெகட்டிவ் பிலிமின் குறுக்குவெட்டில், பிளாஸ்டிக் அடித்தளத்தின்மீது பத்துக்கும் மேற்பட்ட ஜெலட்டின் அடுக்குகள் இருக்கும். நீலம், பச்சை, சிவப்பு ஒளிகளைத் தனித்தனியே பதியும் வெள்ளி ஹாலைடு (ஒளியை உணரும் வெள்ளி உப்பு) அடுக்குகள், இடையில் மஞ்சள் வடிகட்டி, நிறங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் தடுக்கும் அடுக்குகள், மேலே ஒரு காப்புப் பூச்சு என அனைத்தும் சேர்ந்தாலும் ஒரு தலைமுடியின் தடிமன் வராது. இவற்றை ஒரு மீட்டருக்கும் மேல் அகலமான சுருளில், ஆயிரக்கணக்கான அடி நீளத்துக்கு, முழு இருட்டில், ஒரு தூசிகூடப் படாமல் பூசியாக வேண்டும். உலகம் பிலிமை மிக அதிகமாக வாங்கிய 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளின் தேவைக்கு ஏற்ப அமைக்கப்பட்டவை அந்த இயந்திரங்கள். கொஞ்சம் வேண்டும் என்பதற்காக அவற்றைக் கொஞ்ச நேரம் மட்டும் ஓட்ட இயலாது.

வண்ண நெகட்டிவைத் தானே பூசித் தரும் நிறுவனங்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் ஈஸ்ட்மேன் கோடக் இருக்கிறது. ஜப்பானின் ஃபியூஜிஃபிலிம் ஒவ்வொரு வகையாக நிறுத்திக்கொண்டே வருகிறது. தொழில்முறைக் கலைஞர்கள் விரும்பிய புரோ 400எச் 2021-ல் நின்றுபோயிற்று. இங்கிலாந்தின் மொபர்லியில் இல்ஃபோர்ட் பிலிம்களைத் தயாரிக்கும் ஹார்மன் நிறுவனம், 2023 டிசம்பரில்தான் ஃபீனிக்ஸ் 200 என்ற தன் வண்ண பிலிமை வெளியிட்டது. கருப்பு வெள்ளையில் செக் நாட்டின் ஃபோமா உள்ளிட்ட இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடையில் பல பெயர்களில், பல வண்ணப் பெட்டிகளில் நாம் காணும் பிலிம்களுள் கணிசமானவை இந்தச் சில ஆலைகளிலிருந்தே வெளிவந்து வேறு பெயர் சூட்டிக்கொண்டவை.

கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கோரியபின், 2013-ல் புகைப்பட பிலிம் விற்பனை உரிமை அந்நிறுவனத்தின் பிரிட்டன் ஊழியர் ஓய்வூதிய நிதியத்திடம் போய்ச் சேர்ந்தது. கோடக் அலாரிஸ் என்ற நிறுவனம் பிறந்தது அப்படித்தான். பூசும் ஆலை மட்டும் ஈஸ்ட்மேன் கோடக்கிடமே இருந்தது. 2015-ல் ஹாலிவுட்டின் பெரிய ஸ்டுடியோக்கள் ஆண்டுதோறும் குறிப்பிட்ட அளவு பிலிம் வாங்குவதாக ஒப்பந்தம் செய்திராவிட்டால் அந்த ஆலை தொடர்ந்து ஓடியிருக்குமா என்பதே ஐயம். நாம் இன்று வாங்கும் 36 படச் சுருள், திரைப்படத்துறை தாங்கிப் பிடித்த இயந்திரத்திலிருந்து வருகிறது.

நம் ஊர்களில் பிலிமை நம்பியிருப்பவர்களுக்கு, இந்தச் சங்கிலியின் எந்தக் கண்ணி முதலில் அறுந்துபோகும்? உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

மாலைவெயில்

வணக்கம். சென்னையில் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவி நான். இங்குள்ள பலரைவிட வயதில் இளையவள் என்பதால் ஒரு கருத்தை முதலில் பதிவு செய்ய விரும்புகிறேன். எங்கள் வயதினர் பிலிமை நாடுவதைப் பழைய நினைவுகளின் ஏக்கம் என்று பலர் விளக்குகிறார்கள். எங்களுக்கு அந்த நினைவுகளே கிடையாது. நினைவு தெரிந்த நாள் முதல் வீட்டில் கைப்பேசிக் கேமராதான். ஒரே காட்சியை நாற்பது முறை எடுத்துவிட்டு எதையும் திரும்பிப் பார்க்காத பழக்கத்திலிருந்து வெளியே வருவதற்கு, எண்ணிக்கை வரம்புள்ள ஒரு கருவி எங்களுக்குத் தேவைப்பட்டது. பின்னால் திரை இல்லாததால் எடுத்த படத்தைப் பார்க்க முடியாது. ஆகவே எதிரில் இருப்பவரையே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

தொழில்நுட்பக் காரணமும் உண்டு. நம் ஊரின் உச்சிவெயிலில், வெள்ளை வேட்டியும் கருத்த முகமும் ஒரே சட்டகத்தில் வரும்போது, வண்ண நெகட்டிவ் வெளிச்சப் பகுதிகளைப் படிப்படியாகத் தாங்கிக்கொள்கிறது. டிஜிட்டலில் ஓர் எல்லையைத் தாண்டினால் அங்கே வெறும் வெண்மைதான். நெகட்டிவில் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு, கூடுதலாக ஒளி விழுந்தாலும் மடிப்புகள் தெரிகின்றன.

தடை விலைதான். வண்ண ரோல்களில் பல வகைகள் ஆயிரம் ரூபாயைத் தாண்டிவிட்டன. அதன்மேல் கழுவும் கட்டணமும் ஸ்கேன் கட்டணமும் இருக்கின்றன. ஒரு ரோலில் இரட்டிப்புப் படம் தரும் அரைச்சட்டகக் கேமராக்களை எங்கள் வகுப்பில் பலர் விரும்புவதற்கு அதுவே காரணம். ஸ்கேன் கோப்புகள் மின்னஞ்சலில் வந்துவிடுவதால், நெகட்டிவைத் திரும்ப வாங்கிக்கொள்ள லேப்புக்கு யாரும் போவதில்லை. அது தேவை என்றும் எங்களுக்குத் தோன்றியதில்லை.

வைகைக்கரை

மாலைவெயில் அம்மா, உங்கள் பதிவின் கடைசி வரியைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அதைப் பற்றி விவரம் தெரிந்தவர்கள் பின்னர் எழுதுவார்கள் என்று நம்புகிறேன். நான் மதுரையில் நெடுங்காலம் திருமணப் படங்கள் எடுத்தவன். முதலில் பிலிமில், பிறகு டிஜிட்டலில்.

பிலிமை இன்று போற்றுகிறவர்கள், அதை வைத்துப் பிழைத்தவர்களின் பதற்றத்தை அறிய மாட்டார்கள். தாலி கட்டும் நொடியில் ஃபிளாஷ் எரிந்ததா, மணமகள் கண்ணை மூடினாளா என்பது மறுநாள் லேப்பில்தான் தெரியும். அந்த நொடியைத் திரும்ப நடத்திக் காட்டுங்கள் என்று எவரிடமும் கேட்க முடியாது. டிஜிட்டல் வந்தபோது எங்களில் பலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், நானும் அவர்களில் ஒருவன். ஆகவே தொழிலுக்குப் பிலிம் திரும்ப வரவேண்டும் என்று நான் விரும்பவில்லை.

தொடங்கியவர் கேட்ட கேள்விக்கு என் விடை கலர் லேப் என்பதாகும். 1990-களில் தமிழகத்தில் சிற்றூர் கடைத்தெருவில்கூடக் கலர் லேப் இருந்தது. அங்கே பிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்ட மினிலேப் இயந்திரத்தின் இயல்பை அறிந்தால்தான் அவை ஏன் மூடப்பட்டன என்பது புரியும். வண்ண நெகட்டிவைக் கழுவும் சி-41 முறையில், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசல் 38 டிகிரியில், 3 நிமிடம் 15 விநாடி வேலை செய்ய வேண்டும். இயந்திரத்துக்குள் கரைசல் எப்போதும் தொட்டி நிறைய இருக்கும். உள்ளே போகும் பிலிமின் அளவுக்கு ஏற்பப் புதுக் கரைசல் சிறிது சிறிதாகச் சேரும். நாள்தோறும் போதிய ரோல்கள் போனால் கரைசல் நல்ல நிலையில் இருக்கும். வரத்து குறைந்தால் காற்றுப்பட்டு ஆக்சிஜனேற்றம் அடைந்து கெட்டுவிடும். அதன்பின் கழுவும் ரோல்களில் நிறம் மாறும். நிறம் மாறினால் வாடிக்கையாளர் வருவது இன்னும் குறையும். தொடங்கியவர் பூசும் ஆலையைப் பற்றிச் சொன்ன அதே கணக்கு, கடைத்தெரு லேப்புக்கும் பொருந்துகிறது. சிறிய அளவில் ஓட அதற்கும் தெரியாது.

இன்று எங்கள் பக்கத்திலிருந்து ரோல்கள் கூரியரில் பெருநகர லேப்புகளுக்குப் போகின்றன. அங்கே ஸ்கேன் செய்யும் நோரிட்சு, ஃபிரான்டியர் இயந்திரங்கள் உற்பத்தி நின்றுபோன பழைய மாதிரிகள்; ஒன்று பழுதானால் வேறொன்றின் உறுப்பைக் கழற்றிப் போட்டு ஓட்டுகிறார்கள். அச்சப்பட வேண்டிய கண்ணி என்று நான் இதைத்தான் சொல்வேன்.

குன்னூர்ச்சாரல்

ஆலைகளைப் பற்றிய பேச்சில் உதகையை விட்டுவிடலாகாது. இந்தியாவே பிலிம் தயாரித்த காலம் ஒன்று உண்டு என்பதை இளைய உறுப்பினர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. மத்திய அரசின் ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் நிறுவனம் 1960-ல் நிறுவப்பட்டு, பிரெஞ்சு நிறுவனம் ஒன்றின் தொழில்நுட்ப உதவியோடு 1967-ல் உற்பத்தியைத் தொடங்கியது. மலையின் குளிரும் தூசி குறைந்த காற்றும் எமல்ஷன் (ஒளியை உணரும் கலவை) பூசுவதற்கு உகந்தவை என்பதால் இடம் அங்கே தேர்ந்தெடுக்கப்பட்டது. ‘இந்து’ (Indu) என்ற முத்திரையோடு கருப்பு வெள்ளை ரோல் பிலிம், பிரிண்ட் போடும் தாள், திரையரங்குகளுக்கான பாசிட்டிவ் பிலிம், மருத்துவமனைகளுக்கான எக்ஸ்ரே பிலிம் ஆகியவை அங்கிருந்து நாடெங்கும் போயின. உதகையில் இந்து நகர் என்ற குடியிருப்புப் பகுதி இன்றும் அந்த முத்திரையின் பெயரைத் தாங்கியிருக்கிறது.

டிஜிட்டல் வந்து அந்த ஆலையை அழித்துவிட்டது என்று பொதுவாகச் சொல்லப்படுகிறது. காலவரிசையைப் பார்த்தால் அது சரியில்லை. டிஜிட்டல் கேமரா இந்திய வீடுகளுக்குள் நுழைவதற்கு முன்பே, 1990-களிலேயே நிறுவனம் நலிவடைந்துவிட்டது. அதன் வலிமை கருப்பு வெள்ளையில் இருந்தது. சந்தையோ வண்ணத்துக்கு மாறியது. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் வெளிநாட்டு வண்ண பிலிம் எங்கும் கிடைத்தது. எக்ஸ்ரே பிலிமுக்காக மேற்கொள்ளப்பட்ட பெரிய விரிவாக்கம் வருமானமாக மாறுவதற்குள் கடனாக வளர்ந்தது. அதன்பிறகு மருத்துவமனைகளும் டிஜிட்டலுக்கு மாறின. 2010-களில் ஆலையை மூடும் முடிவு எடுக்கப்பட்டது.

இன்று பிலிம் வாங்கும் இளைஞர்களில் பலர் கருப்பு வெள்ளையையே விரும்புகிறார்கள் என்பதை எண்ணும்போது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. உதகை எதில் தேர்ச்சி பெற்றிருந்ததோ அதற்குத்தான் இப்போது தேவை எழுந்திருக்கிறது. இல்ஃபோர்டும் 2004-ல் நொடித்துப்போன நிறுவனம்தான். அதன் மேலாளர்களே 2005-ல் அதை வாங்கி, ஆலையை அளவோடு சுருக்கி, கருப்பு வெள்ளையை மட்டும் நம்பிப் பிழைத்துக்கொண்டார்கள். இன்று வண்ணத்துக்கும் துணிந்திருக்கிறார்கள். அப்படிச் சுருங்கி வாழ உதகைக்கு ஒரு வாய்ப்பு அளிக்கப்பட்டிருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

மாலைவெயில்

குன்னூர்ச்சாரல் ஐயா, இந்தச் செய்தி எதுவும் எங்கள் பாடத்தில் இல்லை. மிக்க நன்றி. போலராய்டு ஆலையை ஆர்வலர்கள் சேர்ந்து காப்பாற்றியதாகப் படித்திருக்கிறேன். அதுபோல உதகை ஆலையை இனிமேலாவது உயிர்ப்பிக்க முடியாதா?

இருட்டறை

போலராய்டின் கதையை முழுவதுமாகப் பார்த்தால் விடை கிடைக்கும். 2008-ல் போலராய்டு நிறுவனம் உடனடிப் பட பிலிமை நிறுத்துவதாக அறிவித்தது. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் இருந்த கடைசி ஆலை உடைத்து விற்கப்படும் தறுவாயில், ஃப்ளோரியன் காப்ஸ் என்ற ஆர்வலரும் அந்த ஆலையின் உற்பத்தித் தலைவராக இருந்த ஆந்த்ரே போஸ்மனும் சேர்ந்து இயந்திரங்களை வாங்கினார்கள். இம்பாசிபிள் புராஜெக்ட் என்று அந்த முயற்சிக்குப் பெயர் வைத்தார்கள். இயந்திரம் அப்படியே இருந்தது, அதை இயக்கத் தெரிந்த பழைய ஊழியர்கள் சிலரும் உடன் இருந்தார்கள். ஆனால் உள்ளே ஊற்ற வேண்டிய ரசாயனங்களைத் தயாரித்தவர்கள் கடையை மூடிவிட்டிருந்தார்கள். ஆகவே பிலிமையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதாயிற்று. 2010-ல் வந்த முதல் பிலிம்கள் கேமராவிலிருந்து வெளியே வந்த உடன் வெளிச்சம் படாமல் மூடி மறைத்தால்தான் தேறும் என்ற நிலையில் இருந்தன. தரம் சீராகப் பல ஆண்டுகள் ஆயின. 2020-ல் அந்த நிறுவனம் போலராய்டு என்ற பழைய பெயரையே ஏற்றது.

மாதக்கணக்கில் மட்டுமே நின்றிருந்த ஆலைக்கே இத்தனை பாடு என்றால், நீண்ட காலம் உற்பத்தியற்றுக் கிடந்த ஓர் ஆலையைப் பற்றி நம்பிக்கை கொள்ள எனக்குத் துணிவில்லை. கோடக்கின் எக்டாக்ரோமும் அதே பாடத்தைத்தான் சொல்கிறது. 2012-ல் நிறுத்திய அந்த ஸ்லைடு பிலிமை மீண்டும் கொண்டுவருவதாக 2017 ஜனவரியில் அறிவித்தார்கள்; தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்த ஆலை, பழைய வாய்பாடு, பழகிய கைகள் எல்லாம் இருந்தும் 2018 செப்டம்பரில்தான் அது கடைக்கு வந்தது. இடைப்பட்ட காலத்தில் சில மூலப்பொருள்களைச் செய்வாரே இல்லாமல் போனதால் மாற்றுகளைத் தேட வேண்டியிருந்தது.

ஏரிக்கரைத்தமிழன்

வணக்கம். நான் ரொறன்ரோவில் வசிப்பவன். ஒன்ராறியோ ஏரிக்கு அந்தக் கரையில் ராச்செஸ்டர் நகரம் இருக்கிறது. ஜோர்ஜ் ஈஸ்ட்மன் வாழ்ந்த மாளிகையே இப்போது புகைப்பட அருங்காட்சியகம். கமரா ஆர்வம் உள்ளவர்கள் வாய்ப்புக் கிடைத்தால் தவறாமல் போய்ப் பார்க்க வேண்டும்.

அந்த நகரத்தின் வரலாற்றைப் பார்த்தால் இந்தத் தொழில் எவ்வளவு சுருங்கியது என்பது விளங்கும். 1980-களின் தொடக்கத்தில் கொடக் நிறுவனத்தில் ராச்செஸ்டரில் மட்டும் 60,000 பேர் பணியாற்றினார்கள். 2007-ல் தேவையற்றுப்போன ஆலைக் கட்டடங்களை வெடிவைத்துத் தகர்த்தார்கள். டிஜிற்றல் கமராவின் முதல் மாதிரியை ஸ்ரீவன் சாசன் என்ற பொறியியலாளர் 1975-ல் உருவாக்கியதும் அதே நிறுவனத்தின் கூடத்தில்தான். ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 செக்கன்கள் தேவைப்பட்டன.

ஆனால் அண்மைக்காலச் செய்திகள் தொடங்கியவரின் அச்சத்தைச் சற்றுக் குறைக்கும் என்று நினைக்கிறேன். தேவை கூடியதால் பிலிம் பிரிவுக்குப் புதிதாகப் பல நூறு பேரை வேலைக்கு எடுத்தார்கள். 2024 நவம்பரில், பூசும் பிரிவைச் சில வாரங்கள் முழுவதுமாக நிறுத்தி நவீனப்படுத்தினார்கள். எதிர்காலம் இல்லாத ஒன்றுக்கு எந்த நிறுவனமும் இப்படிச் செலவழிக்காது. 2025-ல் கொடக்கலர் 100, 200 ஆகிய பிலிம்களை ஈஸ்ட்மன் கொடக் நேரடியாகவே விற்கத் தொடங்கியதையும் நான் நல்ல அறிகுறியாகவே பார்க்கிறேன்.

திருகாணி

கேமராக்களைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் வேறொரு கண்ணியைக் காட்டுகிறேன்.

பிலிம் புதிதாக வருகிறது. கேமராக்களோ பெரும்பாலும் பழையவை. 1976-ல் வந்த பென்டாக்ஸ் கே1000, 1982-ல் வந்த நிக்கான் எஃப்எம்2 போன்றவை பற்சக்கரங்களாலும் விற்சுருள்களாலும் இயங்குபவை. எஃப்எம்2-ல் பேட்டரி ஒளிமானிக்கு மட்டுமே; அது தீர்ந்தாலும் ஷட்டர் நொடியின் 4000-ல் ஒரு பங்கு வரை தடையின்றி இயங்கும். இவற்றைத் துடைத்து, எண்ணெயிட்டு, வேகத்தைச் சரிபார்த்தால் இன்னும் ஒரு தலைமுறைக்கு உழைக்கும். பின்கதவில் வெளிச்சம் கசியாமல் ஒட்டியிருக்கும் பஞ்சு காலத்தால் பிசினாக உருகிவிடும். அதை மாற்றுவது எளிய வேலை. நம் கடற்கரை ஊர்களில் பெரிய பகை லென்ஸில் படரும் பூஞ்சை. தோல் உறைக்குள் வைத்து அலமாரியில் பூட்டி வைப்பதே அதற்கு விருந்து. சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப்புகா டப்பாவில் வையுங்கள். அதைவிட நல்லது அடிக்கடி வெளியில் எடுத்துப் பயன்படுத்துவது.

சமூக ஊடகத்தில் புகழ்பெற்று இன்று மிக உயர்ந்த விலைக்குப் போகும் 1990-களின் தானியங்கிச் சிறு கேமராக்களை வாங்க வேண்டாம் என்றே என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்கிறேன். அவற்றின் உள்ளே இருப்பது வளையும் மின்சுற்றுத் தகடு; அது போய்விட்டால் மாற்று கிடையாது, எந்தத் தேர்ந்த கையாலும் சரிசெய்ய இயலாது. அந்த விலைக்கு இரண்டு இயந்திரக் கேமராக்களை வாங்கி, பழுதும் நீக்கிக்கொள்ளலாம்.

புதிய கேமராவும் வராமல் இல்லை. 2024 ஜூனில் பென்டாக்ஸ் 17 வெளிவந்தது. ஒரு சட்டகத்தை இரண்டாகப் பிரிப்பதால் 36 பட ரோலில் 72 படங்கள் கிடைக்கும். பிலிமைக் கையால் நெம்பித்தான் நகர்த்த வேண்டும். அந்த நெம்புகோல் அமைப்பை மீண்டும் உருவாக்க, ஓய்வுபெற்ற பழைய பொறியாளர்களை நாடி ஆலோசனை பெற்றிருக்கிறார்கள். அவர்களுடைய நினைவில் மட்டுமே எஞ்சியிருந்த அறிவு அது. பத்தாண்டு கழித்துத் தொடங்கியிருந்தால் கேட்பதற்கு ஆளே இருந்திருக்கமாட்டார்கள். நம் ஊர்களில் பழுது பார்ப்போரின் நிலையும் அதுவே. இந்த வேலையைக் கற்றுக்கொள்ள இளைஞர்கள் வருவதில்லை. வந்தால் கற்றுத்தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

ஏட்டுச்சுவடி

வைகைக்கரை ஐயா எதிர்பார்த்த பதிவு இதுவாக இருக்கலாம். நான் ஓர் ஆவணக் காப்பகத்தில் பணிபுரிகிறேன்.

மாலைவெயில், நெகட்டிவை லேப்பிலேயே விட்டுவிடுவதாகச் சொன்னீர்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உங்கள் நண்பர்களிடமும் சொல்லுங்கள். லேப் உங்களுக்கு அனுப்புவது, அன்றைய இயந்திரம் அன்றைய அமைப்பில் செய்த ஒரு விளக்கம். அசல் அந்த நெகட்டிவில்தான் இருக்கிறது. அதைப் பின்னாளில் இன்னும் சிறந்த கருவியால் மீண்டும் ஸ்கேன் செய்யலாம், பிரிண்ட் போடலாம், வெளிச்சத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம். நெகட்டிவைக் கைவிட்டபிறகு மிஞ்சுவது ஒரு சாதாரண டிஜிட்டல் கோப்புதான். பிலிமுக்காக அவ்வளவு செலவு செய்ததன் பொருள் என்ன?

தமிழ்நாட்டுக்கு இதில் கசப்பான முன்னனுபவம் உண்டு. பழைய ஸ்டுடியோக்கள் பல, மூடும்போதும் இடம் மாறும்போதும், தங்கள் நெகட்டிவுகளை அவற்றிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போட்டன. ஒரு நூற்றாண்டின் முகங்கள் அப்படிக் கரைந்தன. எஞ்சியவற்றைத் தேடிப் புதுச்சேரியின் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிவின் விளிம்பிலுள்ள ஆவணங்களுக்கான திட்டத்தின் ஆதரவோடு, ஊர் ஊராகச் சென்று பழைய ஸ்டுடியோப் படங்களை மின்வடிவாக்கியிருக்கிறது. அந்த உழைப்பை நான் மிகவும் மதிக்கிறேன். ஆனால் போனவை போனவைதான்.

வைத்திருப்பவர்களும் சரியாக வைத்திருக்க வேண்டும். பெரும்பாலான பிலிம்களின் அடித்தளம் செல்லுலோஸ் அசிட்டேட். வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அது சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பெட்டியைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் அதுதான். 21 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள அறையிலேயே சுமார் 40 ஆண்டுகளில் இச்சிதைவு தொடங்கக்கூடும் என்று கணித்திருக்கிறார்கள். சென்னை வீட்டுப் பரணில் நிலைமை எப்படி இருக்கும் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து பாலிப்ரொப்பிலீன் உறையிலோ அமிலமற்ற தாள் உறையிலோ இடுங்கள். தேதியையும் இடத்தையும் உறைமேல் பென்சிலால் எழுதுங்கள். வினிகர் வாடை வந்த சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்து, அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். வீட்டின் குளிர்ந்த, உலர்ந்த அறை எதுவோ அங்கே, தரையிலிருந்து உயர்த்தி வையுங்கள்.

வைகைக்கரை

ஏட்டுச்சுவடி அவர்களுக்கு நன்றி. நான் எடுத்த திருமணங்களின் நெகட்டிவுகளை ஆல்பத்தோடு சேர்த்துக் குடும்பத்தாரிடமே கொடுத்துவிடுவது என் வழக்கம். அவர்களில் சிலர் இப்போது பேரப்பிள்ளைகளின் திருமணத்துக்காக அவற்றைத் தேடி எடுக்கிறார்கள். மெமரி கார்டில் நான் எடுத்துக்கொடுத்த படங்களைப் பற்றி அப்படி யாரும் கேட்டு வந்ததில்லை. அவை எங்கே என்று அவர்களுக்கே தெரியவில்லை. தொழிலுக்குப் பிலிம் வேண்டாம் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஒரு ரோலாவது இருக்கட்டும் என்று இப்போது சொல்வேன்.

லேப் இல்லாத ஊர்க்காரர்களுக்கு ஒரு யோசனை. நானும் பழைய நண்பர்கள் சிலரும் மதுரையில் ஒரு பொது இருட்டறையை அமைக்கப் பேசிவருகிறோம். நெகட்டிவைத் தாளில் பெரிதாக்கிக் காட்டும் என்லார்ஜரும் கரைசல் தட்டுகளும் எங்களிடம் இருக்கின்றன. கருப்பு வெள்ளையில் தொடங்குவதாக எண்ணம். தண்ணீர், வெப்பம், கழிவு ஆகிய மூன்றிலும் எங்களுக்கு வழிகாட்டுதல் தேவை. வேதியியல் அறிந்தவர்கள் உதவ வேண்டுகிறேன்.

உப்புக்கரைசல்

வேதியியல் ஆசிரியன் என்பதாலும், பள்ளியில் மாணவர்களோடு பிலிம் கழுவிவருவதாலும் நான் விடை சொல்ல முயல்கிறேன், ஐயா. கருப்பு வெள்ளையைத் தேர்ந்தெடுத்தது மிகச் சரி. மினிலேப்பைக் கொன்ற வரத்துப் பிரச்சினை சிறு தொட்டியில் கழுவுகிறவர்களுக்கு இல்லை. ஒரு ரோலுக்குத் தேவையான டெவலப்பரை மட்டும் நீர்த்துப் பயன்படுத்திவிட்டுக் கொட்டிவிடலாம். டி-76 டெவலப்பரின் வாய்பாடு 1927 முதல் எல்லோரும் அறிந்ததே. மூலப்பொருள்களை வாங்கி நீங்களே எடைபோட்டுக் கலக்கவும் முடியும். இந்தக் கண்ணி மட்டும் எந்த ஆலையையும் நம்பியிருக்க வேண்டியதில்லை.

வெப்பம்: கையேடுகள் 20 டிகிரியை அளவாகக் கொள்கின்றன. மதுரையில் சித்திரை மாதக் குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்கும் மேல் இருக்கும். 24 டிகிரிக்கு மேல் போனால் கழுவும் நேரம் மிகவும் குறுகி, படம் திட்டுத்திட்டாக வரும் ஆபத்து கூடும். கரைசல் புட்டிகளை ஐஸ் கட்டி மிதக்கும் வாளியில் நிறுத்தி, 24 டிகிரியில் நிலைநிறுத்தி, நேரத்தை அட்டவணைப்படி குறைத்துக்கொள்ளுங்கள். டெவலப்பர், அதன் வேலையை நிறுத்தும் ஸ்டாப் கரைசல், படத்தை நிலைநிறுத்தும் ஃபிக்ஸர் மூன்றும் ஏறத்தாழ ஒரே வெப்பத்தில் இருக்கட்டும். கடைசியாக அலசும் நீரையும் அதற்கு அருகிலேயே வைத்துக்கொள்ளுங்கள். சூடான நீருக்குத் திடீரென மாற்றினால் ஜெலட்டின் இளகிவிடும்.

தண்ணீர்: உப்புநீர் உள்ள பகுதிகளில் அலசி முடித்தபின், கடைசியாக ஒருமுறை காய்ச்சி வடித்த நீரில் நனைத்துத் தொங்கவிடுங்கள். சுண்ணாம்புக் கறை நெகட்டிவில் படிந்தால் பிரிண்டில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

கழிவு: டெவலப்பரை நிறைய நீர் விட்டுக் கொட்டலாம். ஃபிக்ஸரை, அதாவது நம் ஸ்டுடியோக்காரர்கள் ஹைப்போ என்று சொல்வதை, அப்படிச் சாக்கடையில் விடவே கூடாது. பிலிமிலிருந்து கரைந்த வெள்ளி முழுவதும் அதில்தான் இருக்கிறது. நீர்வாழ் உயிர்களுக்கு அது நஞ்சு. செப்டிக் டேங்கில் போனால் அங்குள்ள நுண்ணுயிர்களையும் கெடுக்கும். ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் பயன்படுத்திய ஹைப்போவைச் சேர்த்து, அதில் சோப்பு ஏதும் சேராத எஃகுக் கம்பிநாரை அமிழ்த்தி வையுங்கள். இரும்பு கரைசலுக்குள் இறங்க, வெள்ளி கருஞ்சேறாகப் படியும். சில நாள் கழித்து மேல்நீரை வடித்துப் புதுக் கம்பிநார் போட்டு இன்னொரு முறை செய்தால் பெரும்பகுதி வெள்ளி பிரிந்துவிடும். வாளியில் எக்காரணம் கொண்டும் பிளீச்சிங் பவுடரையோ அமிலத்தையோ ஊற்ற வேண்டாம். மூச்சை அடைக்கும் வாயுக்கள் கிளம்பும். அறையில் காற்று வெளியேற்றும் விசிறி கட்டாயம் வேண்டும்.

பழைய எக்ஸ்ரே பிலிம்களை எடைக்கு வாங்கி வெள்ளி எடுப்பவர்கள் மதுரையிலும் இருப்பார்கள்; உலர்ந்த சேற்றை அவர்கள் பெற்றுக்கொள்வார்களா என்று முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வாளியின்மேல் தேதியும் ‘பயன்படுத்திய ஹைப்போ’ என்ற பெயரும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். தொட்டியின் அளவையும் மாதத்துக்கு எத்தனை ரோல் எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் எழுதினால், கரைசல்களின் அளவைக் கணக்கிட்டு அனுப்புகிறேன்.